மேஸ்திரி முதல் மனிதவளம் வரை

(நம் சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையில் இலக்கியம் பற்றியோ சமயம் பற்றியோ பேசுமாறு எம்மைப் பணித்தல் வழக்கம். இவ்வாண்டு செயலாளர் அவர்கள் அளித்த பொருள் வேறு. தொழிற்சாலைகளிலும் கம்பெனிகளிலும் மனிதவளத் துறை என்று ஒன்று உளது. அதன் தொழில் எவ்வாறு மாறி வருகின்றது என்பதை நம் இளைஞர்க்கு விளங்க உரைத்தல் வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார். தமிழ்ப் பண்டிதனுக்கும் கம்பெனி நிர்வாகத்துக்கும் யாது தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். தொடர்பு உண்டு. யாம் பல்லாண்டுகளாகப் பிள்ளைகட்குப் பாடம் சொல்லி வருகின்றோம். அவருட் பெரும்பாலார் கல்வி முடித்தபின் முதன்முதல் சென்று நிற்கும் வாயில் இத்துறையின் வாயிலேயாம். அவ்வாயிலில் இருப்போன் யாவன், அவன் எவர்க்குப் பொறுப்புடையவன் என்பதை அறிவியாது பிள்ளைகளை அனுப்புதல் ஆசிரியர்க்கு அழகன்று. ஆதலின் இப்பொருளை உவந்து ஏற்றோம்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். நீர்வளம் என்கின்றோம், நிலவளம் என்கின்றோம், மலைவளம், கனிவளம் என்கின்றோம். வளம் என்பது ஒருவன் பயன்கொள்ளுதற்கு உரிய பொருள். சுரங்கத்துக் கனி தீர்ந்தவுடன் சுரங்கத்தை விட்டு நீங்கலாம், கனி வருந்தாது. மனிதனும் வளமே எனில், அவ்வளத்தைக் கொள்வோன் ஒருவனும் கொள்ளப்படுவோன் ஒருவனும் ஆகின்றனர். இச்சொல் ஆங்கிலத்தினின்று பெயர்த்துக் கொள்ளப்பட்டது. அமெரிக்க நாட்டில் நிர்வாகவியல் எழுதிய பீட்டர் டிரக்கர் 1954 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இச்சொல்லை ஆண்டபோது, ஏனை வளங்கட்கும் இதற்கும் உள்ள வேற்றுமையையும் உடன் காட்டினார். மனிதன் வளர வல்லவன். எவ்வளவு நன்றாக உழைப்பது என்பதும் அவன் கையிலேயே உளது என்பதே அவ்வேற்றுமை. பின்வந்தோர் பலர் சொல்லைக் கொண்டனர், வேற்றுமையை மறந்தனர். இஃது நிற்க.

இத்துறை பிறப்பதற்கு முன்னர் இவ்வேலையைச் செய்தவன் எவன்? மேஸ்திரி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாயிலும் ஆமதாபாத்திலும் கல்கத்தாவிலும் சென்னையிலும் ஆலைகள் எழுந்தன. அவற்றின் மேலாளர் பலர் தொழிலாளரின் மொழி அறியார், ஊர் அறியார். ஆகவே இடையில் ஒருவன் வேண்டப்பட்டான். பம்பாய் ஆலைகளில் அவன் ஜாபர், கல்கத்தாச் சணல் ஆலைகளில் சர்தார், சென்னையில் மேஸ்திரி, இலங்கை, மலாயாத் தோட்டங்களில் கங்காணி. பெயர் வேறாயினும் தொழில் ஒன்றே. ஆள் சேர்ப்பவன் அவன், வேலை பழக்குபவன் அவன், விடுப்புக் கொடுப்பவனும் அவனே, நீக்குபவனும் அவனே, இடையிடையே வட்டிக்குக் கடன் கொடுப்பவனும் அவனே.

மேஸ்திரி முழுதும் தீயவன் என்று யாம் கூறவில்லை. தெரியாத நகரத்திற்கு மூட்டையுடன் வந்திறங்கியவனுக்கு இருக்க இடமும் அரிசிக் கடையில் கடனும் வாங்கிக் கொடுத்தவன் அவனே. தன் ஊரானையும் உறவினனையும் சாதியானையும் அழைத்து வந்தமையால் நம்பிக்கையும் இருந்தது. ஆனால் அந்நம்பிக்கைக்கு விலை உண்டு. வேலைக்குச் சேரும்போது கையூட்டு. நீங்காமல் இருப்பதற்குக் கையூட்டு. நீங்கியவன் மீளச் சேர்வதற்கும் கையூட்டு. இலங்கைத் தோட்டங்களிலோ துண்டு என்னும் சீட்டு வழங்கிற்று. இத்தொழிலாளர்க்கு இவ்வளவு கடன் உண்டு, அதனைத் தீர்ப்போர் இவர்களைக் கொள்ளலாம் என்பது அச்சீட்டின் பொருள். கடன் கைமாறும், கடனோடு மனிதரும் கைமாறுவர். 1921 ஆம் ஆண்டுச் சட்டம் அதனை ஒழித்தது. தொழிலாளன் ஒருவனைப் பற்றி எழுதப்பெற்ற பழைய ஏடுகளுள் கடன் சீட்டும் ஒன்று என்பதை நம் இளைஞர் நினைவிற் கொள்க.

சாதிவழி ஆள் சேர்த்தலின் கேட்டைச் சென்னை நகரமே கண்டது. பக்கிங்காம், கர்னாடிக் ஆலைத் தொழிலாளரை அடிப்படையாகக் கொண்டு 1918 ஏப்ரல் 27 இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. பி. பி. வாடியா தலைவர், திரு. வி. கலியாணசுந்தர முதலியார் அதனுடன் நெருங்கி உழைத்தவர். அதுகாறும் குறையைச் சொல்ல மேஸ்திரி ஒருவனே இருந்தான். அக்குறையோ பெரும்பாலும் மேஸ்திரியைப் பற்றியதாகவே இருக்கும். சங்கம் வந்த பின்னர் அவனைத் தாண்டிப் பேச ஒரு வழி பிறந்தது. ஆனால் 1921 ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர் ஒரு புறமும் ஏனைய சாதி இந்துக்களும் முகம்மதியரும் மற்றொரு புறமுமாகப் பிரிய நேர்ந்தது. புளியந்தோப்பில் கலகம் மூண்டது, குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தது. ஒரே தறிக்கூடத்தில் ஒரே கூலிக்கு உழைத்தவர் சாதியாகப் பிரிந்து நின்றமையால் தோற்றவர் இரு திறத்தாருமே.

மேனாட்டிலும் ஏறக்குறைய இக்காலத்திலேயே இத்துறை முளைத்தது. இங்கிலாந்தில் யார்க் நகரத்து ரவுண்ட்ரீ கொக்கோ ஆலையில் 1896 ஆம் ஆண்டு மேரி வுட் என்னும் அம்மையார், ஆலைப் பெண்களின் நலம் காக்க அமர்த்தப்பெற்றார். அந்நகரிலேயே 1913 ஆம் ஆண்டு நலப் பணியாளர் சங்கம் ஒன்று கூடிற்று. அதன் வழிவந்ததே அந்நாட்டில் இன்று மனிதவளத் தொழிலர்க்குள்ள பட்டய நிறுவனம். அமெரிக்காவில் டேட்டன் நகரத்துக் கல்லாப்பெட்டிக் கம்பெனி 1901 ஆம் ஆண்டுத் தகராற்றுக்குப் பின்னர்த் தொழிலாளர்க்கெனத் தனித்துறை ஒன்று வகுத்தது. இவ்விரண்டையும் ஒப்பு நோக்குக. ஒன்று இரக்கத்திற் பிறந்தது. மற்றொன்று அச்சத்திற் பிறந்தது. இத்துறையின் உடம்பில் இவ்விரு குருதியும் இன்றளவும் ஓடுகின்றன.

நம் நாட்டுக்கு வருவோம். 1929 இல் அமர்த்தப்பெற்று, விட்லி என்பார் தலைமையில் நாடெங்கும் சுற்றிய அரசுத் தொழிலாளர் ஆணைக்குழு 1931 இல் அறிக்கை வெளியிட்டது. மேஸ்திரியின் கையினின்று ஆள் எடுக்கும் உரிமையையும் நீக்கும் உரிமையையும் பறித்தல் வேண்டும்; தொழிலாளர் அதிகாரி என ஒருவரை அமர்த்தல் வேண்டும்; அவர் தலைமை மேலாளர்க்கு மட்டுமே கட்டுப்பட்டவராதல் வேண்டும் என்பது அவ்வறிக்கை கூறிய யோசனை. பம்பாய் அரசாங்கம் 1934 ஆம் ஆண்டுச் சட்டத்தால் தொழிலாளர் அதிகாரியை நியமித்தது. அடுத்த ஆண்டு அந்நகரத்து ஆலைகளில் பதிலி ஆட்களைச் சீட்டு வழங்கி முறைப்படுத்தும் திட்டம் வந்தது. இவற்றின் உட்கருத்து யாதெனில், ஒருவன் வேலை பெறுவது வேறொருவனுடைய தயவினால் ஆகாது, எழுதப்பட்ட முறையினால் ஆதல் வேண்டும் என்பதே. சிறிதாகத் தோன்றும் இம்மாறுதல் உண்மையில் மிகப் பெரிது.

நாடு விடுதலை பெற்ற பின்னர் 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 500 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் தொழிற்சாலைதோறும் நல அதிகாரி இருத்தல் வேண்டும் என விதித்தது. 2020 ஆம் ஆண்டு இயற்றப்பெற்று 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டம் அவ்வெண்ணை 250 ஆகக் குறைத்துள்ளது. பம்பாயில் 1936 இல் தோன்றிய டாட்டா சமூகப் பணிப் பள்ளியும், ஜாம்ஷெட்பூரில் 1949 இல் தோன்றிய சேவியர் தொழிலாளர் உறவுக் கல்லூரியும் இத்தொழிலுக்கு வேண்டுவோரைப் பயிற்றுவித்தன. 1948 இல் தொழிலாளர் அரசு காப்பீடும் 1952 இல் வருங்கால வைப்பு நிதியும் சட்டமாயின. நல அதிகாரியின் மேசையில் பதிவேடுகள் மலைபோற் குவிந்தன.

இந்நல அதிகாரியின் நிலை இரங்கத்தக்கது. தொழிலாளியின் குறையைக் கேட்க வேண்டியவர் அவர். ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் முதலாளி. ஆற்றில் ஒரு காலும் சேற்றில் ஒரு காலும் என்று நம் மக்கள் சொல்வர். உணவுச்சாலையில் சோறு வேகவில்லை என்று தொழிலாளி முறையிட்டால், அதனை மேலே கொண்டு சென்று சொல்ல அவருக்கு நெஞ்சுரம் வேண்டும். அஃது உடையவர் பலர் இருந்தனர். அவர்கட்குத் தொழிலாளியின் பெயர் தெரியும், வீடு தெரியும், மகள் திருமணம் எந்நாளில் என்பதும் தெரியும். சட்டத்தின் பெயரால் அமர்த்தப்பெற்றவர் என்பதால், மேலாளரிடத்தும் ஓரளவு நிமிர்ந்து பேச இடமிருந்தது.

1991 ஆம் ஆண்டுக்குப் பின்னர் நாட்டின் தொழிற்கதவுகள் அகலத் திறந்தன. நல அதிகாரி, பணியாளர் அதிகாரி என்ற பலகைகள் கழற்றப்பட்டு, மனிதவளத் துறை என்ற பலகைகள் ஏறின. பெயர் மாற்றம் வெறும் பெயர் மாற்றமன்று. அமெரிக்கப் பேராசிரியர் டேவ் உல்ரிச் 1997 இல் வெளியிட்ட நூலில் இத்துறைக்கு நான்கு கடமைகளை வகுத்தார். தொழிலின் போக்கை வகுப்பதில் தலைவர்க்குத் துணையாதல் ஒன்று. அலுவல்களைச் செவ்வனே நடத்துதல் ஒன்று. பணியாளர் பக்கம் நின்று அவர்க்காகப் பேசுதல் ஒன்று. நிறுவனம் மாறுங்கால் அம்மாறுதலை நடத்திக் கொடுத்தல் ஒன்று. நான்கும் சமமாகவே சொல்லப்பட்டன. நடைமுறையிலோ முதற்கடமையே பெருமைக்குரியதாகி, தலைவர் மேசையில் ஒரு நாற்காலி பெறுவதே இத்துறையினர் அவாவாயிற்று. பணியாளர்க்காகப் பேசுதல் என்னும் மூன்றாவது கடமை பின்வரிசைக்குப் போயிற்று. சம்பளக் கணக்கு வெளிக் கம்பெனியிடம் போயிற்று. விடுப்பு விண்ணப்பமும் முறையீடும் கைப்பேசித் திரைக்குப் போயின. தொழிலாளியின் பெயரறிந்த அதிகாரி அரியராயினார்.

நன்மை விளையவில்லை என்று கூறுவது நடுநிலைமை ஆகாது. பணியிடத்தில் பெண்களுக்கு இழைக்கப்படும் பாலியல் கொடுமையைத் தடுக்கும் சட்டம் 2013 இல் வந்தது. பத்துப் பேரும் அதற்கு மேலும் பணிசெய்யும் இடந்தோறும் உட்குழு அமைத்தல் கட்டாயமாயிற்று. அவ்வுட்குழுவை அமைத்து நடத்தும் பொறுப்பு பெரும்பாலும் இத்துறையினர் கையில் உளது. மேஸ்திரி காலத்தில் ஒரு பெண் யாரிடம் சென்று முறையிட்டிருப்பாள்? எழுதப்பட்ட நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, வங்கி வழிக் கூலி ஆகிய இவையனைத்தும் மேஸ்திரி அறியாதவை. இவை உண்மையான ஆக்கங்கள்.

ஆயினும் மேஸ்திரி ஒழிந்தானா? யாம் ஒழிந்தான் என்று எண்ணவில்லை. சட்டை மாற்றி வந்துள்ளான். ஒப்பந்தத் தொழிலாளர் முறையை வரம்பிட 1970 இல் சட்டம் வந்த போதிலும், இன்று பெரிய ஆலைகளிலும் வாயிலுக்குள் நுழைவோர் பலர் ஆலையின் ஆட்கள் அல்லர், ஒப்பந்தக்காரரின் ஆட்கள். கோவை, திருப்பூர், திண்டுக்கல் பகுதி நூற்பாலைகளுக்குச் சுமங்கலித் திட்டம் என்ற பெயரால் ஏழைச் சிறுமியர் தரகர் வழி அழைத்துச் செல்லப்பட்ட செய்தியைத் தாய்மார்கள் அறிவர். மூன்றாண்டு உழைத்தால் முடிவில் திருமணச் செலவுக்கு மொத்தத் தொகை என்பது வாக்கு. இடையில் நோயுற்றோ மனம் வெறுத்தோ நீங்கியவள் அத்தொகையை இழந்த நிகழ்ச்சிகள் பல. விடுதியை விட்டு வெளியே செல்லவும் தடை. மங்கலச் சொல் ஒன்று இவ்வாறு பயன்பட்டது. 2021 டிசம்பரில் திருப்பெரும்புதூர் வட்டாரத்துத் தொழிற்சாலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகிப் பலர் மருத்துவமனை சேர்ந்தனர். தோழியர் நிலை தெரியாது கலங்கிய பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். முறையீட்டைக் கேட்க உள்ளே ஒரு செவி இருந்திருப்பின் அவர்கள் நெடுஞ்சாலைக்கு வந்திருப்பரோ? சுங்குவார்சத்திரத்துச் சாம்சங் தொழிற்சாலையில் 2024 செப்டம்பரில் தொடங்கி ஒரு திங்களுக்கு மேல் நீடித்த வேலைநிறுத்தத்தின் முதற்கோரிக்கை, தம் சங்கம் ஏற்கப்பட வேண்டும் என்பதே. அச்சங்கம் 2025 ஜனவரியில் பதிவு பெற்றது. 1918 இல் பெரம்பூரில் எழுந்த வினா நூற்றாறு ஆண்டுகள் கழித்தும் அப்படியே எழுந்தது.

இனி, இக்காலத்து மிகப் புதிய மாறுதலைக் கூறுவாம். விண்ணப்பங்களை இன்று பல இடங்களில் முதலிற் படிப்பவன் மனிதனல்லன்; கணிப்பொறி. மேஸ்திரிக்கு உறவு உண்டு, கணிப்பொறிக்கு உறவு இல்லை; ஆகவே அது நடுநிலையுடையது என்று எண்ணுதல் இயல்பு. அமேசான் கம்பெனி அத்தகைய பொறி ஒன்றை 2014 முதல் செய்து பார்த்தது. முந்தைய ஆண்டுகளில் வந்த விண்ணப்பங்களையே அப்பொறிக்குப் பாடமாக அளித்தனர். அவை பெரும்பாலும் ஆடவருடையவை. ஆகவே, பெண்கள் என்ற சொல் காணப்பட்ட விண்ணப்பங்களைத் தாழ்த்துமாறு அப்பொறி தானே கற்றுக்கொண்டது. அம்முயற்சியைக் கம்பெனி கைவிட்டது. 2018 இல் செய்தி வெளிவந்தது. பாடம் யாது? பொறிக்கு உறவு இல்லை, உண்மை. ஆனால் நம் பழைய உறவுகளையே அது மனப்பாடம் செய்கின்றது. இத்தகைய பொறிகள் ஓரவஞ்சனை செய்கின்றனவா என்று ஆண்டுதோறும் தணிக்கை செய்தல் வேண்டும் என நியூயார்க் நகரம் விதித்து 2023 முதல் நடத்தி வருகின்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆள் தேர்வுப் பொறிகளை மிகுந்த எச்சரிக்கைக்கு உரியவற்றுள் ஒன்றாக வைத்துள்ளது.

ஈண்டு நம் நாட்டுப் பழஞ்செய்தி ஒன்று நினைவுக்கு வருகின்றது. முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் வாரிய உறுப்பினராதற்குரிய தகுதிகளை வரிசையாகக் கூறுகின்றன. அகவை 35 முதல் 70 வரை என்றும், வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதியற்றவர் என்றும் விதித்துள்ளனர். அச்சபை ஒரு வகுப்பார்க்கே உரிய ஊரின் சபையாகும்; அதனை முழு முன்மாதிரி என்று யாம் புகழவில்லை. ஆனால் ஒன்று கருதத்தக்கது. தேர்ந்தெடுக்கும் விதியைக் கல்லில் வெட்டிக் கோயிற் சுவரில் எல்லாரும் காண வைத்தனர். இன்றைய பொறி எந்த விதியால் ஒருவனைத் தள்ளிற்று என்பதைத் தள்ளப்பட்டவன் அறியான். பல வேளைகளில் தள்ளியவனும் அறியான்.

அன்பர்களே! இதுவரை பிறரைப் பற்றிப் பேசினோம். இனி நம்மைப் பற்றிப் பேசுதல் வேண்டும். பொறியிடத்தும் மேஸ்திரியிடத்தும் குறை கண்ட நாம் நம்மிடத்து உள்ளதை மறைத்தல் முறையன்று.

நம் சங்கத்துக்கு நாள்தோறும் வரும் இளைஞர் பலர் வேண்டுவது ஒன்றே: சிபாரிசுக் கடிதம். அந்தக் கம்பெனியில் நம்மவர் யார் இருக்கின்றார் என்பதே முதல் வினா. மனிதவளத் துறையில் நம்மவர் ஒருவர் அமர்ந்தால், நமக்கு ஒரு கதவு திறந்தது என்று மகிழ்கின்றோம். மகிழ்ச்சி இயல்பே. ஆனால் அவர் அக்கதவை நமக்கு மட்டும் திறப்பாராயின், அவர் வகிப்பது மேஸ்திரியின் வேலையே. அடுத்த கம்பெனியில் வேறு வகுப்பார் ஒருவர் அமர்ந்திருப்பார். அவரும் அவ்வாறே செய்வார். அங்கே நம் பிள்ளை வெளியே நிற்பான். எல்லாரும் தத்தம் கதவைத் தத்தம் மக்களுக்கே திறப்பின், நாற்காலிகள் பல உடைய வகுப்பாரே வெல்வர்; நாற்காலி இல்லாதார் என்றும் தோற்பர்.

இது வெறும் ஊகமன்று. சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்னும் இருவர் 2007 இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். செய்தித்தாள்களில் தனியார் கம்பெனிகள் விளம்பரம் செய்த வேலைகளுக்கு, தகுதியில் ஒத்தனவும் பெயரில் மட்டும் வேறுபட்டனவுமான விண்ணப்பங்களை அனுப்பினர். உயர்சாதிப் பெயருடைய விண்ணப்பத்தோடு ஒப்பிட, நேர்காணலுக்கு அழைக்கப்பெறும் வாய்ப்பு விகிதம் தலித் பெயருக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகவும், முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்காகவும் இருந்தது. அதே ஆண்டில் சுரிந்தர் ஜோத்கா, காதரின் நியூமன் ஆகியோர் மனிதவள மேலாளரை நேரிற் கண்டு உசாவினர். மேலாளர் யாவரும் தகுதி ஒன்றே நோக்குவதாகக் கூறினர். உடனேயே, குடும்பப் பின்னணி யாது என்று கேட்பது இன்றியமையாதது என்றும் கூறினர். செங்கற்பட்டில் 1929 ஆம் ஆண்டு கூடிய சுயமரியாதை மாநாட்டுக்குப் பின்னர் நம் நாட்டில் பெயரின் பின்னே சாதிப் பட்டம் இடுதல் படிப்படியாகக் குறைந்தது. பெயரைக் கொண்டு சாதி அறிதல் இங்கு அரிது. ஆயினும் சொந்த ஊர் எது, எந்தத் தெரு, தகப்பனார் என்ன தொழில் என்னும் மூன்று வினாக்களால் அதனை அறிந்து விடுகின்றனர்.

சங்கம் என்பதே நம்மவர்க்கு உதவுதற்கன்றோ, உறவைத் தழுவுதல் அறமன்றோ என்று பெரியோர் சிலர் கேட்கலாம். நியாயமான வினா. தமிழாசிரியர் என்ற முறையில் இதற்கு விடை கூறுகின்றோம். திருக்குறளின் பொருட்பாலில் 51 ஆம் அதிகாரம் தெரிந்து தெளிதல். 52 ஆம் அதிகாரம் தெரிந்து வினையாடல். 53 ஆம் அதிகாரம் சுற்றந்தழால். ஆளை ஆராய்ந்து தேர்தல் ஓர் அதிகாரம். தேர்ந்தவனை அவனுக்கேற்ற வினையில் ஆளுதல் ஓர் அதிகாரம். சுற்றத்தாரைத் தழுவிக் காத்தல் மற்றோர் அதிகாரம். திருவள்ளுவர் சுற்றத்தை மறக்கவில்லை. ஆனால் அதற்கு வேறிடம் வகுத்தார். அன்பு ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு அறியாதவனைத் தேறுதல் கேடு தரும் என்னும் கருத்தையும் 51 ஆம் அதிகாரத்துள்ளேயே வைத்தார். ஆகவே உறவினனுக்குச் சோறிடுக. கல்விக்குப் பொருள் தருக. நோய்க்கு மருந்து தருக. இவை 53 ஆம் அதிகாரத்தின்பாற்படும். பிறர் ஒருவர்க்கு உரிய வேலையை உறவினனுக்கு வாங்கித் தருவது எவ்வதிகாரத்தினும் அடங்காது.

அங்ஙனமாயின் சங்கம் செய்யத்தக்கது யாது? நான்கு கூறுவோம்.

முதலாவது, இளைஞர்க்கு. நியமனக் கடிதத்தை முழுதும் படித்துப் பார்த்துக் கையொப்பம் இடுக. உங்களை அமர்த்துவது கம்பெனியா ஒப்பந்தக்காரரா என்பதைக் கடிதத்தின் தலைப்பை நோக்கி அறிக. பயிற்சிக் காலம் எத்துணைத் திங்கள், நீங்குவதாயின் எத்துணை நாள் முன்னர் அறிவித்தல் வேண்டும், பிணைப்பத்திரம் உண்டா என்பவற்றைக் கேட்டு எழுத்தில் பெறுக. மூலச் சான்றிதழை எவரிடத்தும் ஒப்படைத்து வைத்தல் வேண்டா. வேலைக்கு முன்பணம் கேட்போன் இருபத்தோராம் நூற்றாண்டு மேஸ்திரி என்று அறிந்து விலகுக. சம்பளத்தில் பிடிக்கப்பெறும் வைப்பு நிதி உங்கள் கணக்கிற் சேர்ந்ததா என்பதைத் திங்கள்தோறும் பார்த்துக்கொள்க.

இரண்டாவது, அத்துறையில் அமர்ந்துள்ள நம்மவர்க்கு. உங்கள் நாற்காலி சங்கத்தின் சொத்தன்று. நம் பிள்ளைகளுக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, எவ்வெத்தகுதிகள் வேண்டப்படுகின்றன, எக்காரணத்தால் பலர் தள்ளப்படுகின்றனர் என்பதை ஆண்டுக்கு இருமுறை இங்கு வந்து எல்லார்க்கும் வெளிப்படையாக உரைப்பதே. மூன்றாவது கடமையாகிய பணியாளர் பக்கம் நின்று பேசுதலைக் கைவிடாதீர்கள். கீழே உள்ளவன் குரல் உங்கள் வாயாலன்றி மேலே ஏறாது.

மூன்றாவது, தொழில் நடத்தும் நம்மவர்க்கு. நம்முள் கூலி கொடுப்போரும் உளர். கூலி பெறுவோரும் உளர். நீ நம் பிள்ளையன்றோ என்று சொல்லிக் குறைந்த கூலிக்கு நெடுநேரம் வேலை வாங்குதல் உறவன்று. உறவின் பெயரால் நிகழும் சுரண்டல். டாட்டா இரும்பாலை எட்டு மணி வேலை நேரத்தை 1912 இலும் வைப்பு நிதியை 1920 இலும், சட்டம் வருமுன்னரே வழங்கிற்று. உங்கள் கடை சிறிதாயினும் ஆகுக. நியமனக் கடிதமும், சம்பளச் சீட்டும், வார விடுமுறையும் கொடுத்தல் பெரிய செலவன்று.

நான்காவது, சங்கத்துக்கு. சிபாரிசுக் கடிதம் எழுதும் வழக்கத்தை விடுத்து, அதற்கு ஓடும் காலத்தையும் பொருளையும் பயிற்சி வகுப்புக்கு ஆக்குவோம். விண்ணப்பம் எழுதுதல், நேர்காணலில் அச்சமின்றிப் பேசுதல், கணக்கு, கணிப்பொறி, தொழிலாளர் சட்டங்களின் சுருக்கம் ஆகியவற்றைக் கற்பிப்போம். நம் தெருவில் வாழும் பிற வகுப்புப் பிள்ளைகளையும் அவ்வகுப்பிற் சேர்ப்போம். சில அன்பர்க்கு இக்கூற்றுக் கசக்கும் என்பதை அறிவோம். ஆயினும் 1921 ஆம் ஆண்டுப் புளியந்தோப்பை நினைவுகூர்க. ஒரே கூடத்தில் உழைப்போர் ஒருவரையொருவர் அறியாது வளர்வதே அத்தகைய தீயினுக்கு விறகு. ஒரே பலகையில் அமர்ந்து கற்ற பிள்ளைகள் ஒருவர் குடிசையை ஒருவர் கொளுத்தார்.

முடிவாக ஒன்று கூறுவோம். மேஸ்திரியின் தயவு, அதிகாரியின் விதி, தலைவரின் திட்டம், பொறியின் கணக்கு என இத்துறை நான்கு உருவம் எடுத்துவிட்டது, இன்னும் எடுக்கும். எவ்வுருவம் எடுப்பினும் அதனை அளத்தற்கு மூன்று வினாக்கள் போதும். தேர்ந்தெடுக்கும் விதி எழுதப்பட்டு எல்லார்க்கும் தெரிகின்றதா? தள்ளப்பட்டவன் காரணம் கேட்கலாமா? உள்ளே இருப்பவன் அஞ்சாது குறை கூற ஓரிடம் உண்டா? இம்மூன்றுக்கும் ஆம் என்று விடை கிடைக்கும் இடத்தில் நம் பிள்ளைகள் வேலை செய்க. நம்மவர் நடத்தும் இடங்களும் அவ்வாறே ஆகுக. நம் சங்கமும் தன் அலுவலகத்தில் பணிபுரிவோர் வகையில் இம்மூன்று வினாக்களுக்கும் விடை கூறத் தக்கதாக விளங்குக என்று வேண்டி அமைகின்றோம்.